குறைந்த பட்ஜெட்டில் காம்பாக்ட் கேமரா வாங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

காம்பாக்ட் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமரா) ஒன்றைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானோர் பார்ப்பது, அதன் உடலில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணையும் ஜூம் எண்ணையும்தான். அந்தக் கேமராவின் தரத்தைச் சொல்லும் எண்களோ லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கின்றன. அந்த வளையத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குக் குறைந்த பணத்திலும் நல்ல கேமரா அமையும் என்பது என் அனுபவம்.

அதைத் தெரியாமல் நான் இழந்த ஒரு மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய கேமரா 14 மெகாபிக்சல் கொண்டது; அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். அக்கா மகள் முதன்முதலாக மேடையேறி ஆடிய அன்று, அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஜூமை முழுவதுமாக நீட்டி நாற்பது படங்கள் எடுத்தேன். ஒன்றில்கூட அவள் முகம் தெளிவாக விழவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் படத்தின் விவரங்களைத் திறந்தபோது, ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்காக ஒளி உள்ளே வரும் நேரம்) 1/10 விநாடி என்றும் லென்ஸின் துளை எஃப்/5.9 என்றும் இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும் குழந்தையை 1/10 விநாடியில் எந்தக் கேமராவாலும் உறைய வைக்க முடியாது. அந்த 5.9 என்ற எண் வாங்கிய நாளிலிருந்தே லென்ஸ் வளையத்தில் இருந்தது.

முதல் படி: ஃபோனால் முடியாதது எது என்று முடிவு செய்யுங்கள்

இன்றைய பல நடுத்தர விலை ஃபோன்களின் முதன்மைக் கேமராவிலேயே, மலிவான காம்பாக்ட் கேமராக்களில் இருப்பதைவிடப் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) இருக்கிறது. பல பிரேம்களை நொடியில் எடுத்து ஒன்றாக்கி, மங்கலான வெளிச்சத்தில் படத்தில் விழும் பொடிப் புள்ளிகளான ‘புள்ளிச் சத்தத்தை’க் குறைக்கும் மென்பொருளும் ஃபோனில் உண்டு. ஆகவே பகல் வெளிச்சத்தில், ஜூம் இல்லாமல், எதிரே நிற்பவரை எடுப்பதற்காக மட்டும் தனிக் கேமரா வாங்குவது பணத்துக்குக் கேடு. இதைச் சொல்லத் தயங்கும் வழிகாட்டிகளை நம்ப வேண்டாம்.

தனிக் கேமரா உண்மையிலேயே முந்தும் இடங்கள் சில உண்டு. தொலைவில் இருக்கும் பறவையையோ மேடையையோ விளையாட்டு வீரரையோ ஆப்டிகல் ஜூமால் (லென்ஸே நகர்ந்து செய்யும் ஜூமால்) இழுப்பது ஒன்று. இருட்டறையில் செனான் ஃபிளாஷால் எடுப்பது இன்னொன்று. ஃபோனின் எல்இடி விளக்கு தொடர்ந்து மங்கலாக எரியும், செனான் குழாயோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் பளிச்சென்று வெடித்து அசைவை உறைய வைக்கும். நீருக்கடியில் எடுப்பது, உச்சி வெயிலில் திரை தெரியாதபோது வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுப்பது, குழந்தையின் கையில் ஃபோனைக் கொடுக்காமல் படமெடுக்கக் கற்றுத் தருவது ஆகியவையும் நியாயமான காரணங்களே. இவற்றில் உங்களுக்கு உரியது எது என்று ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள். இரண்டு காரணங்கள் இருந்தால் முக்கியமானதை மேலே எழுதுங்கள். இந்தப் பட்ஜெட்டில் எல்லாம் செய்யும் கேமரா கிடைக்காது.

இரண்டாம் படி: லென்ஸ் வளையத்தை வாசியுங்கள்

2009இல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்90 என்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் லென்ஸில் 6.0–22.5 என்று ஒரு ஜோடி எண்களும், 1:2.0–4.9 என்று இன்னொரு ஜோடியும் இருக்கும்.

முதல் ஜோடி குவிய நீளம், மில்லிமீட்டரில். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் வருவதுதான் பெட்டியில் போடும் ஜூம் எண்; இங்கே 22.5ஐ 6ஆல் வகுத்தால் 3.75 வருகிறது, அதை 3.8 மடங்கு என்று எழுதுகிறார்கள். ஜூம் எண் என்பது வெறும் விகிதம் என்பது இதிலிருந்து புலப்படும். எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை அறிய, விவரப் பட்டியலில் ‘35 மி.மீ.க்குச் சமமான’ அளவை, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் குவிய நீளத்தை, பார்க்க வேண்டும்; எஸ்90க்கு அது 28–105. 28க்கு அருகிலுள்ள எண் அறைக்குள் குழுப்படம் எடுக்கப் போதுமான அகலம் என்றும், 100 ஒரு முகத்தை நிரப்பும் என்றும், 300க்கு மேல் போனால்தான் பறவைகளும் மேடையின் கடைசி வரிசையும் நெருங்கும் என்றும் தோராயமாக நினைவில் வைக்கலாம்.

இரண்டாம் ஜோடிதான் உயிர். 2.0 என்பது ஜூம் செய்யாத நிலையில் லென்ஸ் திறக்கும் மிகப் பெரிய துளை, 4.9 என்பது முழு ஜூமில் திறக்கும் துளை. எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது, உள்ளே வரும் ஒளியும் அதிகம். இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து ஒளி மாறுகிறது என்பதால், எஃப்/2க்கும் எஃப்/4க்கும் இடையில் இரண்டு மடங்கு வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. அது நான்கு மடங்கு. எஸ்90இன் லென்ஸ் முழு ஜூமில், தொடக்க நிலையில் வாங்கும் ஒளியில் ஆறில் ஒரு பங்கைத்தான் வாங்குகிறது. ஆகவே நீங்கள் ஜூம் செய்து எடுப்பவர் என்றால் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணையே. விளம்பரங்களில் முதல் எண் மட்டும் பெரிதாக வருவதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: சென்சாரின் அளவைக் கண்டுபிடியுங்கள்

சென்சாரின் பெயர்கள் குழப்பமானவை. ‘1 அங்குல சென்சார்’ என்பதில் எந்தப் பக்கமும் 1 அங்குலம் கிடையாது, அது 13.2க்கு 8.8 மி.மீ., மூலைவிட்டம் 16 மி.மீ. அளவு. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து அளவு சொன்ன வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பரப்பளவைப் பார்ப்போம். மலிவான காம்பாக்ட் கேமராக்களிலும் நீண்ட ஜூம் கேமராக்களிலும் இருக்கும் 1/2.3 அங்குல வகை ஏறத்தாழ 28 சதுர மி.மீ.; எஸ்90இல் இருந்த 1/1.7 வகை 43. 1 அங்குல வகை 116. மாற்று லென்ஸ் கேமராக்களில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ்-சி வகை 370 அளவு.

விவரப் பட்டியலில் சென்சார் அளவு இல்லாவிட்டால் கவலை வேண்டாம். சமமான குவிய நீளத்தை வளையத்தில் உள்ள உண்மைக் குவிய நீளத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 5.6 அளவில் வந்தால் 1/2.3 வகை, 4.7 அளவில் வந்தால் 1/1.7 வகை, 2.7 அளவில் வந்தால் 1 அங்குலம். வளையத்தில் 10.4–37.1 என்றும் பட்டியலில் 28–100 என்றும் இருக்கும் சோனி ஆர்எக்ஸ்100ஐ இப்படிக் கணக்கிட்டால் 2.7 கிடைக்கும். விற்பவர் எதைச் சொன்னாலும் இந்தக் கணக்குப் பொய் சொல்லாது.

என் மேடைப் படத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். அன்று என்னிடம் இருந்தது 1/2.3 சென்சாரும் எஃப்/5.9 துளையும். அதே அரங்கில் 1 அங்குல சென்சாரும், முழு ஜூமிலும் எஃப்/2.8 தரும் லென்ஸும் கொண்ட கேமரா, எடுத்துக்காட்டாக 2014இல் வந்த கேனன் ஜி7 எக்ஸ், இருந்திருந்தால் துளையால் மட்டும் 4.4 மடங்கு ஒளி கூடியிருக்கும். 1/10 விநாடி 1/45 ஆகியிருக்கும். சென்சார் நான்கு மடங்கு பெரியது என்பதால், ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் எண்ணை) நான்கு மடங்கு ஏற்றினாலும் படத்தில் புள்ளிச் சத்தம் பழைய அளவிலேயே இருந்திருக்கும். வேகம் 1/180ஐ எட்டியிருக்கும். அந்த வேகத்தில் ஆடும் குழந்தையின் முகம் பெரும்பாலும் நிற்கும். அதன் ஜூம் 100 மி.மீ.யோடு முடிந்துவிடும் என்பதால் நான் எழுந்து முன்வரிசைக்குப் போயிருக்க வேண்டும், போயிருப்பேன்.

அசைவுத் தடுப்பு வசதி இங்கே உதவியிருக்காதா என்று கேட்கலாம். அது கையின் நடுக்கத்தை ஈடுகட்டும். எதிரே இருப்பவர் அசைவதை நிறுத்தாது. சிலைக்கும் கட்டடத்துக்கும் அது பெரிய வரம், குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் ஒளி ஒன்றுதான் வழி.

மெகாபிக்சலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 6க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் அச்சிட 2.2 மெகாபிக்சல் போதும், ஏ4 தாளுக்கு 8.7 போதும், 4கே திரையில் இருப்பதே 8.3தான். 10க்கு மேல் எந்த எண் இருந்தாலும் அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதை எண்ணிலேயே சேர்க்க வேண்டாம்.

நான்காம் படி: புதிய மலிவா, பழைய உயர்வா

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்ஜெட் குறைவாக இருக்கும்போது, இன்றைய கீழ்வகுப்புக் கேமராவைப் புதிதாக வாங்குவதைவிட, சில ஆண்டுகளுக்கு முந்தைய மேல்வகுப்புக் கேமராவைப் பயன்படுத்திய நிலையில் வாங்குவதே மேல். இதற்குக் காரணம் உண்டு. 2010ஆம் ஆண்டில் மட்டும் லென்ஸ் பொருத்திய கேமராக்கள் உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்டன. ஃபோன்கள் வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. பெரிய நிறுவனங்கள் மலிவான வகையை ஒவ்வொன்றாகக் கைவிட்டு மேல்வகுப்பில் மட்டும் தங்கிக்கொண்டன. அதனால் இன்று புதிதாக மலிவில் கிடைப்பவை குறைவு, அவற்றின் சென்சாரும் துளையும் சிறியவை. பழைய மேல்வகுப்பின் லென்ஸோ காலத்தால் தேய்வதில்லை.

புதிய மலிவுகளில் ஒரு வகையை அறவே ஒதுக்குங்கள். கேள்விப்படாத பெயரில், 48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்ற அறிவிப்போடு இணையக் கடைகளில் நிறைந்திருக்கும் கேமராக்கள் அவை. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது சிறிய சென்சார். படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கித்தான் அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். ஆப்டிகல் ஜூம் இல்லை, லென்ஸ் முன்னே நீள்வதில்லை, பல மாடல்களில் ஃபோகஸ்கூட ஒரே இடத்தில் நிலைத்தது. வளையத்தில் குவிய நீளமும் துளையும் நேர்மையாக எழுதப்படாத கேமராவைப் பரிசாகக்கூட வாங்கித் தர வேண்டாம்.

ஐந்தாம் படி: தேவைக்கு ஏற்ற வகையைக் குறியுங்கள்

மங்கலான வெளிச்சம்தான் முதல் தேவை என்றால் 1 அங்குல வகையில் தேடுங்கள். 2012இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100, 20 மெகாபிக்சலும் எஃப்/1.8–4.9 லென்ஸும் கொண்டு சட்டைப்பையில் அடங்கும் 240 கிராம் கேமரா. அதற்குப் பின் பல பதிப்புகள் வந்துவிட்டதால் முதல் பதிப்பு அவற்றைவிட மலிவாகக் கிடைக்கும். வைஃபையும் வியூஃபைண்டரும் அதில் இல்லை. 2015இன் கேனன் ஜி9 எக்ஸ் அதைவிட மெலிது, தொடுதிரை உண்டு, ஜூம் 28–84 மட்டுமே. ஜி7 எக்ஸ் நல்ல கேமராதான். ஆனால் சமூக ஊடகப் புகழால் அதன் பழைய பதிப்புகளின் விலைகூட ஏறிக் கிடப்பதால் இந்தப் பட்ஜெட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இவையும் எட்டாவிட்டால் எஸ்90, எஸ்95 போன்ற 1/1.7 வகையைப் பாருங்கள்.

தொலைவுதான் தேவை என்றால் சென்சாரில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சோனி எச்எக்ஸ்90வி போன்ற 30 மடங்கு ஜூம் கேமரா 24–720 வரை போகும், அதில் மேலெழும் வியூஃபைண்டரும் உண்டு. முழு ஜூமில் துளை எஃப்/6.4 என்பதால் அது வெயிலுக்கான கேமரா என்று தெரிந்து வாங்குங்கள். நீருக்கு ஒலிம்பஸ் டஃப் வரிசை, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருவது. 2015இன் டிஜி-4 உறையில்லாமல் 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. ஆனால் பயன்படுத்திய நீர்ப்புகாக் கேமராவின் ரப்பர் வளையத்தை நம்பி நீரில் இறங்கக் கூடாது. அந்த வளையத்தில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ சிக்கினாலே நீர் உள்ளே போய்விடும். நீருக்கென்றால் புதியதாகவே வாங்குங்கள்.

சிசிடி என்ற முந்தைய வகைச் சென்சார் கொண்ட பழைய கேமராக்களுக்கு இப்போது ஒரு மோகம் எழுந்திருக்கிறது. அந்தப் படங்களின் தோற்றம் பிடித்திருந்தால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தத் தோற்றத்தில் பெரும்பகுதி அந்நாளைய நிறச் செயலாக்கமும் நேர்முக ஃபிளாஷும் தருவது என்றே நான் கருதுகிறேன். ஏறத்தாழ 2002 முதல் 2004 வரை தயாரான பல பிராண்டு கேமராக்களில், வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிசிடி சென்சாரே செயலிழக்கும் குறை இருந்தது 2005இல் வெளிவந்தது. அந்தக் காலத்து மாடல்களைத் தவிர்ப்பது நல்லது.

ஆறாம் படி: துணைப் பொருள்களின் கணக்கு

மெமரி கார்டும் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்ததுதான் கேமராவின் விலை. கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இவற்றுக்கென முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பழைய கேமராக்களில் கார்டு ஒரு பொறி. 2 ஜிபி வரை எஸ்டி, 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி என மூன்று தலைமுறைகள் உண்டு. எஸ்டிஎச்சி 2006இலும் எஸ்டிஎக்ஸ்சி 2009இலும்தான் வந்தன என்பதால், அதற்கு முந்தைய கேமராக்கள் பெரிய கார்டை ஏற்காது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் எக்ஸ்டி கார்டையும் பழைய சோனிகள் மெமரி ஸ்டிக்கையும் கேட்கும். அந்தக் கார்டுகளைத் தேடி அலைவதற்குப் பதில் வேறு கேமராவைப் பார்க்கலாம். 4கே வீடியோ எடுப்பதானால் வி30 அல்லது யு3 குறியுள்ள கார்டு வேண்டும்.

பேட்டரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது இன்றும் புதிதாகக் கிடைக்கிறதா என்று கேமரா வாங்கும் முன்பே பாருங்கள். ஆர்எக்ஸ்100 ஒரு சார்ஜில் 330 படங்கள் என்று மதிப்பிடப்பட்டது. பல ஆண்டு பழைய பேட்டரியில் அதில் பாதிகூட வராமல் போகலாம்.

ரா வடிவம் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) இருந்தால், இருட்டில் எடுத்த படத்தைப் பின்னால் மீட்க வழியுண்டு, 1/1.7 வகையிலும் அதற்கு மேலும் அது பெரும்பாலும் இருக்கும். வைஃபை இல்லாத குறையை ஒரு சிறிய கார்டு ரீடர் தீர்த்துவிடும்.

ஏழாம் படி: பழைய கேமராவை நேரில் சோதியுங்கள்

சார்ஜ் ஏறிய பேட்டரியையும் உங்கள் கார்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேமராவை ஆன் செய்து லென்ஸ் வெளிவரும்போது காதருகே வைத்துக் கேளுங்கள். மோட்டாரின் ஓசை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு திக்கல், நறநறவென்ற சத்தம், ஒரு பக்கம் சாய்ந்து நீளும் குழல் ஆகியவை உள்ளே மணல் போனதற்கோ கீழே விழுந்ததற்கோ அடையாளம். பத்து முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸை மூடும் மெல்லிய இதழ்கள் பாதியில் நின்றாலோ, திரையில் லென்ஸ் பிழை என்ற செய்தி ஒரே ஒரு முறை வந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். நீளும் லென்ஸைப் பிரித்துச் சரிசெய்ய ஆகும் செலவு கேமராவின் விலையைத் தாண்டக்கூடும்.

அடுத்து ஒரு வெள்ளைச் சுவர். துளை எண்ணை மிகப் பெரிதாக வைத்து, முழு ஜூமில், சுவரை ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்தும்போது சாம்பல் நிறத்தில் மங்கிய வட்டம் தெரிந்தால் அது சென்சாரில் படிந்த தூசி. மாற்று லென்ஸ் கேமராவில் அதை ஊதித் துடைத்துவிடலாம், காம்பாக்ட் கேமராவிலோ உடலையே பிரிக்க வேண்டும். இந்தச் சோதனையை நான் ஒருமுறை தவிர்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் எடுத்த ஒவ்வொரு வானத்திலும் வலது மேல் மூலையில் அதே புள்ளி வந்துகொண்டிருந்தது.

லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு ஒரு விநாடி எக்ஸ்போஷரில் ஒரு கறுப்புப் படம் எடுங்கள்; ஓரிரு சிவப்பு, நீலப் புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டாம், நட்சத்திரக் கூட்டம்போல் இருந்தால் வேண்டாம். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட வெள்ளை இழைகள் பூஞ்சை, அவை பரவும். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாஷை மூன்று முறை அடித்துப் பாருங்கள். ஜப்பானிய உள்நாட்டு விற்பனைக்கென வந்த சில கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும் என்பதால் மெனுவின் மொழிப் பட்டியலையும் திறந்து பாருங்கள்.

இணையத்தில் வாங்குவதானால், அந்தக் கேமராவிலேயே எடுத்த வெள்ளைச் சுவர்ப் படத்தையும் முழு ஜூம் படத்தையும் சுருக்காத கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். திருப்பித் தரும் வசதி எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பெட்டி வந்த அன்றே மேற்சொன்ன சோதனைகள் அனைத்தையும் செய்துவிடுங்கள்.

எட்டாம் படி: முதல் நாள்

கார்டைக் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மேட் செய்து, தேதியைத் திருத்துங்கள். பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் கழித்துப் போடும்போது கேமரா மறுபடியும் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது. படத்தின் தரத்தை அது பாதிக்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் தேதியைப் போட வேண்டியிருக்கும். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு மேல்வரம்பு வைக்க இடமிருந்தால், 1/2.3 சென்சாருக்கு 800, 1 அங்குலத்துக்கு 3200 என்று நான் வைக்கிறேன். பிறகு வீட்டின் மிக மங்கலான அறையில், அசைந்துகொண்டிருக்கும் ஒருவரை ஜூம் செய்யாமல் இருபது, முழு ஜூமில் இருபது என எடுத்து, கணினியில் ஒவ்வொரு படத்தின் ஷட்டர் வேகத்தையும் பாருங்கள். எந்த வேகத்தில் முகம் தெளிவாகிறது, எந்த ஜூமில் அந்த வேகம் கைநழுவுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், அடுத்த முறை அரங்குக்குள் நுழையும்போது எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.